சேர்க்கைப் பதிவேடும் ஊர்ப்பள்ளியின் வரலாறும்: சிறுவாச்சூரை முன்வைத்து

சிறுவாச்சூர் என்றதும் மதுரகாளியம்மன் நினைவுக்கு வருவாள். திங்களும் வெள்ளியும் நடை திறக்கும் அக்கோயிலின் கதையைச் சொல்ல ஊரில் பலர் உண்டு. அத்தகைய ஊரில் தொடக்கப் பள்ளியின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் தொடங்கிய ஆண்டைத்தான் தேடுகிறார்கள். அந்தத் தேடல் நம்மை அதிக தூரம் கொண்டுசெல்லாது என்பதே என் வாதம். பள்ளிகளை நடத்திய தாலுகா போர்டுகள் 1934இல் ஒழிந்தன. பள்ளிகள் ஜில்லா போர்டின் கைக்குப் போயின. 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்வழி ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. 1981இல் ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனார்கள். சிறுவாச்சூர் அடங்கிய பெரம்பலூரே திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1995இல்தான். பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருந்த ஒரு நிறுவனத்துக்கு ஒற்றைப் பிறந்தநாள் கற்பிப்பதால் எதுவும் விளங்கிவிடாது.

இன்னொரு வழக்கம், பள்ளியின் வேரைத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் காண்பது. 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ கேட்ட கணக்கின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் சுமார் 1.88 லட்சம் பிள்ளைகள் படித்தனர். அதற்காக ஆட்சியர்கள் அனுப்பிய அறிக்கைகளை 1983இல் நூலாகத் தொகுத்த தரம்பால், தமிழ்ப் பகுதிகளில் பிராமணரல்லாத பிள்ளைகளே பெரும்பான்மை என்று காட்டினார். அது முக்கியமான திருத்தம். மணலில் எழுதி, எண்சுவடியை மனப்பாடம் செய்து, சட்டாம்பிள்ளையிடம் ஒப்பிக்கும் அம்முறையின் கணக்குத் திறனைக் கணித வரலாற்றாய்வாளர் செந்தில் பாபுவின் ஆய்வும் துலக்கியிருக்கிறது. ஆனால் அதே அறிக்கைகளில் பெண்பிள்ளைகள் மிகச் சொற்பம். சேரிப் பிள்ளைகளுக்கோ திண்ணை எட்டாத இடம். எனவே இன்றைய ஒன்றியப் பள்ளியைத் திண்ணையின் வாரிசு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கும் இதற்கும் இடையே ஒரு முறிவு இருக்கிறது. ஊரின் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வகுப்பறை என்பது இருபதாம் நூற்றாண்டில் போராடிப் பெற்றது.

அந்த முறிவின் சான்று தலைமையாசிரியர் அறைப் பீரோவில் இருக்கும் சேர்க்கைப் பதிவேடு. சேர்க்கை எண், பெற்றோர் பெயர், தொழில், சாதி, பிறந்த தேதி, நீங்கிய தேதி, நீங்கிய காரணம் எனக் கட்டங்கள் நீளும். பழைய ஏடுகளில் மே, ஜூன் மாதப் பிறந்தநாள்கள் குவிந்திருப்பதைக் காணலாம். பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலம். ஜூனில் சேர்க்க ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். ஆசிரியர் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். பாட்டன், பூட்டன் காலத்தில் அரசு ஏட்டில் ஏறாத ஒரு குடும்பத்துப் பிள்ளை, தன் பெயரும் தேதியும் எழுத்தில் பெற்றது அந்த வரியில்தான். நீங்கிய தேதிகளைப் பருத்தி எடுப்பு, கடலை பறிப்பு, ஆடு மேய்ப்புக் காலங்களோடு பொருத்திப் பார்த்தால், மானாவாரி நிலத்தின் உழைப்பு நாட்காட்டியே கிடைக்கும். எந்த ஆண்டு முதல் பெண்பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பை முடித்தார்கள், எந்தத் தெருவிலிருந்து முதல் பிள்ளை வந்தது என்பதையும் இதில் அறியலாம்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தது சட்டமா, சோறா என்பதையும் பதிவேட்டில் தேடலாம். 1920ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம் கட்டாயக் கல்விக்கு வழிவிட்டது. ஆனால் கட்டாயப்படுத்தும் பொறுப்பை உள்ளாட்சிகளின் விருப்பத்துக்கே விட்டதால், வறண்ட வட்டங்களில் அது பெரிதாக வேர்பிடிக்கவில்லை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநேரப் பள்ளித் திட்டம், மிச்ச நேரத்தைக் குலத்தொழிலுக்குத் தருகிறது என்ற எதிர்ப்பால் மறு ஆண்டே கைவிடப்பட்டது. பிள்ளையைப் பள்ளியில் இருத்தியது சோறு. 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவுக்கு, 1961 முதல் அமெரிக்காவின் கேர் நிறுவனம் பொருள் அனுப்பியது. பால் பவுடரும் மக்காச்சோள உப்புமாவும் அக்காலப் பிள்ளைகள் நாவில் இன்னும் நிற்கின்றன.  1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கிய பாப்பாக்குறிச்சியும், சிறுவாச்சூர் அப்போது அடங்கியிருந்த திருச்சி மாவட்டம்தான். சட்டம் எழுதப்பட்ட ஆண்டுகளையும் உலை ஏறிய ஆண்டுகளையும் பதிவேட்டின் சேர்க்கை எண்களோடு ஒப்பிடுவதே, எந்தத் தூண்டுதல் எவ்வளவு இழுத்தது என்று அறிய நேரான வழி.

இந்த ஏடுகளைக் கரையானும் மழைக் கசிவும் விட்டுவைப்பதில்லை. பிள்ளைகள் குறைந்து பள்ளிகள் இணையும்போது அவை மூட்டையாகக் கட்டப்படுகின்றன. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் 1980க்கு முந்தைய பதிவேடுகளை, சாதி, பெயர் விவரங்கள் வெளியே கசியாத பாதுகாப்போடு படியெடுத்து, ஆவணக் காப்பகத்தின் மாவட்டப் பிரிவில் வைக்க வேண்டும். பள்ளி நூற்றாண்டு மலர் அச்சிடும் குழுக்கள், தாளாளர் படங்களுக்கு முன்பு முதல் நூறு சேர்க்கைகளின் தெரு, தொழில், நீங்கிய காரணத்தைப் பெயரில்லாமல் அட்டவணையாக வெளியிடலாம்.