ஐந்தில் மூன்று கேட்ட சட்டம்



ஓய்வூதியம் என்ற சொல்லைக் கேட்டால் ஆசிரியர் வீடுகளில் எல்லோரும் காது கொடுப்பார்கள். இன்று அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் நடந்த ஒரு வாக்கெடுப்பைப் பற்றி எழுதுகிறேன். சிக்காகோ நகரம் இருக்கும் மாநிலம் அது.

1970ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அங்குள்ள அரச ஊழியர்களுக்கு ஓர் உறுதி எழுதிக் கொடுக்கப்பட்டது. ஓய்வூதியம் ஓர் ஒப்பந்தம், அதன் நன்மைகளைக் குறைக்கக் கூடாது என்பதே அது. அங்குள்ள ஆசிரியர்களில் பெரும்பாலானோர் நாடளாவிய சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் இல்லை. வயோதிபத்தில் அவர்களுக்கு இந்த ஓய்வூதியம்தான் எல்லாம்.

உறுதி எழுதப்பட்டது. பணம் ஒழுங்காகக் கட்டப்படவில்லை. ஆசிரியரின் பங்கு சம்பளத்திலிருந்து தவறாமல் வெட்டப்பட்டது. அரசின் பங்கோ ஆண்டுக்கணக்கில் குறைவாகவே வந்தது. 1994இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, 2045ஆம் ஆண்டுக்குள் நிதியத்தை 90 வீதத்துக்கு நிரப்புவோம் என்றார்கள். அதிலும் ஆரம்பத்தில் சிறு தொகை, பின்னால் வருபவர்கள் தலையில் பெருந்தொகை. கடன் வளர்ந்துகொண்டே போனது.

இந்த நிலையில்தான் 2012 நவம்பர் 6, ஒபாமா இரண்டாம் தடவை வென்ற அதே நாளில், மக்களிடம் ஓர் அரசியலமைப்புத் திருத்தம் வைக்கப்பட்டது. ஓய்வூதிய நன்மைகளைக் கூட்ட வேண்டுமென்றால் சட்டசபையில் சாதாரண பெரும்பான்மை போதாது, ஐந்தில் மூன்று பங்கு வேண்டும். நகர சபைகளுக்கும் பாடசாலைச் சபைகளுக்கும் இதே விதி.

ஆதரித்தவர்களின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தேர்தல் வரும்போது அரசியல்வாதிகள் தாராளமாக அள்ளிக் கொடுப்பார்கள், வரி கட்டுபவன் பிறகு சுமப்பான் என்றார்கள். தொழிற்சங்கங்களோ, நோய் ஓரிடத்தில், மருந்து வேறிடத்தில் என்றன. கட்டாமல் விட்ட பணத்தில் ஒரு சதத்தையும் இந்தத் திருத்தம் கொண்டுவராது.

முடிவு வேடிக்கையானது. அந்தக் கேள்விக்கு வாக்களித்தவர்களில் சுமார் 56 வீதத்தினர் ஆம் என்றனர். ஆனால் திருத்தம் நிறைவேற அதற்கே 60 வீதம், அல்லது தேர்தலில் வாக்களித்த அனைவரிலும் பாதிக்கு மேல் தேவை. இரண்டுமே கிடைக்கவில்லை. ஐந்தில் மூன்று கேட்ட சட்டம், ஐந்தில் மூன்று இல்லாமல் தோற்றது.

கதை அத்தோடு முடியவில்லை. 2013 டிசம்பரில், ஏற்கனவே சேவையில் இருந்தவர்களினதும் ஓய்வு பெற்றவர்களினதும் நன்மைகளைக் குறைக்கும் சட்டம் வந்தது. ஓய்வூதியத்தில் ஆண்டுதோறும் கூட்டுவட்டி போல ஏறிவந்த 3 வீத அதிகரிப்பில் கை வைத்தார்கள். 2015 மே 8ஆம் திகதி மாநில உயர் நீதிமன்றம் ஏகமனதாக அதை இரத்துச் செய்தது. நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி அரசியலமைப்பு கொடுத்த வாக்கை மீற முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இனிமேல் எவ்வளவு கூட்டுவது என்பதை மக்கள் தீர்மானிக்கலாம். அது அவர்களின் வரிப்பணம், அவர்களின் உரிமை. ஆனால் முப்பது வருடம் வேலை வாங்கிய பிறகு அதற்குரியதைக் கொடுப்பது சலுகையல்ல, கடன். ஓய்வூதியம் நாட்டுக்குப் பாரம் என்று யாராவது பேசினால், முதலில் இதைக் கேளுங்கள்: ஊழியர் தன் பங்கைக் கட்டினாரா? அரசு தன் பங்கைக் கட்டியதா?