குற்றாலம் எந்தப் பாடத்துல வரும்?

இன்னைக்கு எபிசோடை ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கிறேன். குற்றாலம் எந்தப் பாடத்துல வரும்?

ஜியாகிரபின்னு சொல்வீங்க. சரி, அதுல எந்தப் பிரிவு? பேரருவி விழுற பாறையைப் படிக்கிறது புவிப்புறவியல். ஜூன் மாசம் செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்தையும் சாரலையும் படிக்கிறது காலநிலையியல். சிற்றாறு எவ்வளவு தண்ணி கொண்டுவருதுன்னு கணக்குப் போடுறது நீரியல். மேல இருக்கிற காடு உயிர்ப்புவியியல். சீசன் கூட்டம், கடைகள், லாட்ஜுகள் எல்லாம் மானிடப் புவியியல். ஐந்தருவியில ஒரே தண்ணி அஞ்சாப் பிரிஞ்சு விழுற மாதிரி, ஒரே மலை அஞ்சு பாடமாப் பிரிஞ்சிருக்கு.

இப்படிப் பிரிச்சது யாரு, எதுக்குப் பிரிச்சாங்க?

நிலத்தைப் பத்தின அறிவை ரெண்டு விதமா வெட்டலாம். ஒண்ணு, இடத்தை வெச்சு. இன்னொண்ணு, பொருளை வெச்சு.

இடத்தை வெச்சு வெட்டுறது நமக்குப் பழக்கமானதுதான். நம்ம ஐந்திணை அப்படித்தான் இருக்கு. குறிஞ்சின்னு சொன்னா மலை மட்டும் இல்ல. அதுக்குரிய பொழுது, தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் எல்லாம் சேர்ந்து வரும். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள்னு சொல்லுது. மத்ததை அதுமேல கருப்பொருளா, உரிப்பொருளா அடுக்குது. அது கவிதைக்கான இலக்கணம், அறிவியல் நூல் இல்லைங்கிறது உண்மை. ஆனா ஒரு இடத்துல இருக்கிறதை எல்லாம் ஒண்ணா வெச்சுப் பார்க்கிற பார்வை அதுல இருக்கு. 18-ஆம் நூற்றாண்டுல திரிகூடராசப்பக் கவிராயர் பாடின குற்றாலக் குறவஞ்சியிலயும், குறத்தி தன் மலைவளத்தைச் சொல்லும்போது அருவி, விலங்கு, மனுஷங்க எல்லாம் கலந்துதான் வர்றாங்க.

ஐரோப்பாவுல இந்த ரெண்டு வழிக்கும் தெளிவாப் பேர் வெச்சவர் பெர்னார்டஸ் வரேனியஸ். 1650-ல ஆம்ஸ்டர்டாம்ல அவரோட ‘பொதுப் புவியியல்’ நூல் வந்துச்சு. அதே வருஷம் 28 வயசுல அவர் இறந்துட்டார். காத்து, கடல், மலைன்னு உலகம் முழுக்கப் பொருந்துற விதிகளைத் தேடுறது பொதுப் புவியியல். ஒரு குறிப்பிட்ட நாட்டை முழுசா விவரிக்கிறது சிறப்புப் புவியியல்னு அவர் பிரிச்சார். 1672-ல அந்த நூலுக்குக் கேம்பிரிட்ஜ்ல புதுப் பதிப்பு கொண்டுவந்தவர் ஐசக் நியூட்டன்.

இப்போ இங்க வருவோம். 1816-லிருந்து 1820 வரை வார்டு, கானர்னு ரெண்டு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களை அளந்தாங்க. குற்றாலம் அப்போ கம்பெனியோட திருநெல்வேலிச் சீமையில இருந்துச்சு. பக்கத்துல இருக்கிற செங்கோட்டை திருவிதாங்கூர்ல. 1956 நவம்பர் 1-ல தான் செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்துச்சு. வார்டும் கானரும் எழுதின அறிக்கையில எல்லை, மலை, ஆறு, பாதை, மண், பயிர், ஜனங்கன்னு எல்லாம் ஒரே கட்டுல இருக்கும். அது இடத்தை வெச்சு வெட்டின அறிவு. வரி வசூலிக்கவும் படை நடத்தவும் அவங்களுக்கு அது தேவைப்பட்டுச்சு.

அப்புறம் துறைகள் ஒண்ணொண்ணா வந்துச்சு. நில அளவைத் துறை 1767-லயே இருந்தது. 1851-ல புவியியல் ஆய்வுத் துறை பாறைகளை எடுத்துக்கிட்டது. 1875-ல வானிலை ஆய்வுத் துறை மழையை எடுத்துக்கிட்டது. 1881-லிருந்து பத்து வருஷத்துக்கு ஒருமுறை நாடு முழுக்க ஒரே சமயத்துல ஜனங்களைக் கணக்கெடுத்தாங்க. 1890-ல தாவரங்களுக்குத் தனித் துறை வந்துச்சு. குற்றாலம் மலையோட ஒவ்வொரு அம்சமும் ஒவ்வொரு ஆபீஸ் ஃபைலுக்குள்ள போயிடுச்சு.

இதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். குற்றாலத்துலயே நூறு வருஷம் உட்கார்ந்து மழையைப் பார்த்தாலும் பருவமழை ஏன் வருதுன்னு புரியாது. அதுக்கு அரபிக் கடலும் இமயமலையும் நாடு முழுக்க மழை அளவும் ஒரே மேசைக்கு வரணும். 1830-கள்ல ராபர்ட் வைட் குற்றாலத்துல சேகரிச்ச செடிகளை மத்த ஊர்ச் செடிகளோட ஒப்பிட்டதாலதான் இந்த மலையில எது அபூர்வம்னு தெரிஞ்சுது. பொருளை வெச்சு வெட்டினாத்தான் ஆழம் கிடைக்கும்.

ஆனா ஆபத்து இடத்துலதான் நடக்குது.

2024 மே 17. சீசன் இன்னும் ஆரம்பிக்கல. பழைய குற்றாலம் அருவியில திடீர்னு காட்டாற்று வெள்ளம் வந்துச்சு. குளிச்சுக்கிட்டு இருந்தவங்க சிதறி ஓடினாங்க. திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயசுப் பையன் ஒருத்தன் அடிச்சுட்டுப் போகப்பட்டு இறந்துபோனான்.

இந்த மாதிரி வெள்ளத்தை எந்தப் பாடத்துல வைப்பீங்க? மேல காட்டுல பெய்யுற மழை காலநிலையியல். சரிவு செங்குத்தா, ஓடை குட்டையா இருக்கிறதால அந்தத் தண்ணி சீக்கிரமே கீழ வந்துடும். அது புவிப்புறவியலும் நீரியலும். கோடை லீவுல அருவிக்கடியில கூட்டம் நிக்கிறது மானிடப் புவியியல். தனித்தனியாப் பார்த்தா எதுவும் விபத்து இல்ல. மூணும் ஒரே இடத்துல, ஒரே நேரத்துல சேரும்போது உயிர் போகுது. கீழ வெயில் அடிச்சுட்டு இருந்தாக்கூட இது நடக்கலாம்.

அதனாலதான் புவியியல்னு ஒரு படிப்பு தனியாத் தேவைப்படுது. பாறைக்கும் மழைக்கும் காட்டுக்கும் ஏற்கெனவே ஆள் இருக்காங்க. புவியியலாளரோட வேலை பிரிச்சதைத் திரும்ப ஒரு இடத்து மேல அடுக்குறது. இன்னைக்கு ஜிஐஎஸ் செய்யுறதும் அதைத்தான்: மழை ஒரு லேயர், சரிவு ஒரு லேயர், ஓடை ஒரு லேயர், ஜனக்கூட்டம் ஒரு லேயர். எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பார்த்தா, எங்க நிக்கக்கூடாதுன்னு தெரியும்.

சாரல் சீசனுக்குப் போறவங்க ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. அருவித் தண்ணி திடீர்னு கலங்கினா, இலை தழை சேர்ந்து வந்தா, சத்தம் கூடினா, மேல எங்கயோ மழை பெய்ஞ்சிருக்குன்னு அர்த்தம். வெளியே வந்துடுங்க. சைரன் கேட்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.