இரண்டாம் வேற்றுமையில் நாம்

எங்க சேரியில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறோம். யாரோ ஒரு பெட்டி நிறையப் பழைய புத்தகங்கள் கொடுத்தனுப்பினார்கள். எல்லாம் சிறுவர் நூல்கள். விடுதலைப் போராட்டக் கதைகள், தலைவர்களின் வாழ்க்கை, படக்கதைகள். ஆறாவது படிக்கிற பெண் ஒருத்தி ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டுக் கேட்டாள்: "இதுல நம்ம ஆளுங்க யாருமே இல்லியாண்ணே?"

இருக்கிறோம். எப்படி இருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

ஒரு புத்தகத்தில் மதுரை ஆலயப் பிரவேசம் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: வைத்தியநாத அய்யர் அரிசனங்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். தமிழ் படித்தவன், எனக்கு இலக்கணம்தான் முதலில் கண்ணில் பட்டது. எழுவாய், அய்யர். நாம் செயப்படுபொருள். இரண்டாம் வேற்றுமை உருபை ஏற்றுக்கொண்டு கைகட்டி நிற்கிறோம். பெட்டியில் இருந்த மற்ற புத்தகங்களையும் இந்தக் கண்ணோடு படித்தேன். நம்மை அணைத்தார்கள், நமக்கு இரங்கினார்கள், நம்மை உயர்த்தினார்கள். நாம் எதையும் செய்ததாக ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

1939 ஜூலை 8 அன்று மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களுக்குப் பெயர் உண்டு. பி. கக்கன், முருகானந்தம், முத்து, சின்னையா, பூவலிங்கம். அவர்களோடு சண்முக நாடார். அய்யர் செய்தது சின்னக் காரியமில்லை. சொந்தச் சாதியின் பகையை வாங்கிக் கட்டிக்கொண்டார். நுழைந்தவர்களையும் கோயில் அதிகாரிகளையும் வழக்கிலிருந்து காப்பாற்ற ராஜாஜி அரசு தனியாகச் சட்டமே போட வேண்டியிருந்தது. ஆனால் வாசலில் தடியோடு ஆள் நின்றிருந்தால் முதல் அடி யார் முதுகில் விழுந்திருக்கும்? அது தெரிந்தும் காலெடுத்து வைத்தவர்கள் அந்த ஐந்து பேர். தும்பைப்பட்டிக் கக்கன் 1942 போராட்டத்தில் சிறைக்கும் போனார், பின்னாளில் அமைச்சரும் ஆனார். புத்தகத்துக்கு அவரும் 'அரிசனங்கள்' என்ற பன்மைக்குள் ஒருவர்தான்.

அந்தச் சொல்லையாவது நம்மைக் கேட்டு வைத்தார்களா? 1938இல் பம்பாய் சட்டசபையில் அதைச் சட்டத்தில் ஏற்றியபோது அம்பேத்கரின் கட்சியினர் எதிர்த்து வெளிநடப்பே செய்தார்கள். சிறுவர் நூல்களுக்கு அந்தச் சேதி எட்டவில்லை.

சுதந்திரம் என்றால் வெள்ளைக்காரனை விரட்டியது மட்டும்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். தெருவில் நடக்க முடியாதவனுக்கு, குளத்தில் தண்ணி மொள்ள முடியாதவளுக்கு விடுதலை எது? 1924இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொதுக் குளம் எல்லாருக்கும் உரியவை. 1927இல் மகாடில் ஆயிரக்கணக்கான பேர் நடந்துபோய்ச் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். திரும்பும்போது அடிபட்டார்கள். தண்டி யாத்திரைக்கு மூன்று வருஷம் முந்திய சத்தியாக்கிரகம் இது. உப்பு அள்ளிய கை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. தண்ணீர் அள்ளிய கை எங்கே?

வெளியே வரவே இல்லை என்று சொல்லமாட்டேன். 1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதா 1979இல் அம்பேத்கர் கதையைப் போட்டது. 2011இல் கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்த 'பீமாயணா' வந்தது. அதில் தாகம்தான் முதல் கதை. ஆனால் எங்க பெட்டிக்குள் அவை இல்லை. சீனிவாசனும் இல்லை, அயோத்திதாசரும் இல்லை.

மறுநாள் ஐந்து பெயரையும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். நடந்ததை உங்க வார்த்தையில் எழுதுங்க என்றேன். கேள்வி கேட்ட அந்தப் பெண் எழுதினாள்: "கக்கன், முருகானந்தம், முத்து, சின்னையா, பூவலிங்கம் கோயிலுக்குள்ள போனாங்க. அய்யரும் கூடப் போனார்."

பேச்சுத் தமிழில்தான் எழுதியிருந்தாள். நான் திருத்தவில்லை. எழுவாய் சரியாக இருந்தது.

தோழர்களே, நமக்குள் எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். பெரியவர்களுக்கே எழுதிக்கொண்டிருக்கிறோம். முப்பத்திரண்டு பக்கம் போதும், பெரிய எழுத்து, நாலு படம். அந்தப் பெட்டியில் அப்படி ஒரு புத்தகத்தைப் போட வேண்டியது நாம்தான்.