கங்கைத் தண்ணீரும் காலெலும்புச் சீழும்

என் மச்சினன் வெள்ளிமலையிலிருந்து மொபெட்டில் இறங்கும்போது ஒரு வளைவில் விழுந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். எலும்பு கூடிவிட்டது, புண் மட்டும் ஆறவில்லை. இரண்டு மாதம் மூடியிருக்கும், பிறகு ஊசி முனையளவு துளை திறந்து சீழ் கசியும். "மாத்திரை தின்னுக்கிட்டேதான் இருக்கேன், போகமாட்டேங்குதே மாமா" என்பான்.

போகாததற்குக் காரணம் உண்டு. செத்துப்போன எலும்புத் துண்டுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. மருந்து ரத்தத்தோடுதானே போகவேண்டும்? அதோடு, கிருமிகள் தகட்டின் மேல் பாசிபோல ஒரு வழவழப்பான படலம் கட்டிக்கொண்டு அதற்குள் ஒளிந்துகொள்கின்றன. அதனால்தான் டாக்டர்கள் மறுபடி திறந்து, செத்த எலும்பைச் சுரண்டி எடுக்கிறார்கள். அவனுக்கு மூன்று தடவை சுரண்டினார்கள்.

அவன் படுத்திருந்த நாட்களில்தான் பாக்டீரியோபேஜ் என்ற பெயரைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பாக்டீரியாவைத் தின்னி என்று பொருள். தின்பது என்பதற்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. உண்மையில் அது தின்பதில்லை. பாக்டீரியாவைவிட மிகச் சிறிய வைரஸ் அது. பாக்டீரியாவுக்குள் புகுந்து, பெருகி, அதை வெடிக்க வைத்துவிட்டு வெளியே வரும்.

இதன் கதையைச் சொல்பவர்கள் 1896-இல் ஆரம்பிப்பார்கள். ஆக்ராவில் அரசு ஆய்வுக்கூடத்தில் இருந்த ஹான்கின் என்ற ஆங்கிலேயர், கங்கை, யமுனைத் தண்ணீரில் காலராக் கிருமி சில மணி நேரத்தில் சாவதையும், அதே தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டால் சாகாததையும் கண்டார். அதைப் பாரிஸ் பாஸ்தேர் நிறுவனத்தின் இதழில் பிரெஞ்சில் எழுதினார். புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சு, முப்பத்து நான்கு வருஷம் கோப்பு தள்ளிய காலத்தில் ஒரு நாளும் உதவியதில்லை, இதற்கு உதவிற்று. ஆனால் ஹான்கின் கண்டது பேஜ்தான் என்று அடித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காற்றுப் புகாமல் மூடிய குழாயில் சூடாக்கினால் அந்தக் குணம் போகவில்லை என்றும், ஆவியாகும் பொருள் ஏதோ இருக்கலாம் என்றும் அவரே கருதினார். வைரஸ் என்றால் மூடினாலும் செத்திருக்க வேண்டும். கங்கையின் மகிமை என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1915-இல் இங்கிலாந்தில் ட்வோர்ட் இதைக் கவனித்தார். 1917-இல் பாஸ்தேர் நிறுவனத்தில் பெலிக்ஸ் தெரெல், சீதபேதியிலிருந்து தேறியவர்களின் மலத்தில் கண்டு பெயர் வைத்தார். அவர் 1927-இல் இந்தியாவுக்கே வந்து காலராவுக்கு இதைச் சோதித்தார். அதன்பின் ஷில்லாங் பாஸ்தேர் நிறுவனத்தின் மாரிசன், அஸ்ஸாமில் நவ்காங் பகுதிக் கிராமங்களில் பேஜ் குப்பிகளைக் கொடுத்து, கொடுக்காத ஹபிகஞ்ச் பகுதியோடு ஒப்பிட்டுப் பல வருஷம் கணக்கு வைத்தார். நவ்காங்கில் காலரா அடங்கியது. ஆனால் காலரா தானாகவே ஏறி இறங்கும் நோய்; இரண்டும் வெவ்வேறு ஊர்கள். பேஜால்தான் அடங்கியதா என்று பிறகு கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான்.

1940-களில் பெனிசிலின் வந்தது. ஒரே மருந்து பல கிருமிகளைக் கொல்லும்போது, ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனிப் பேஜ் தேட யாருக்குப் பொறுமை இருக்கும்? ஆனாலும் ஜார்ஜியாவின் திபிலிசியில் எலியாவா தொடங்கிய நிறுவனம் விடாமல் செய்துவந்தது. பாவம், எலியாவாவை ஸ்டாலின் ஆட்சி 1937-இல் சுட்டுக் கொன்றுவிட்டது.

மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிய பிறகு பேஜ் திரும்ப வந்திருக்கிறது. அதே கங்கைக் கரையில், காசி இந்துப் பல்கலைக்கழக மருத்துவ நிறுவனத்தில், நுண்ணுயிரியல் பேராசிரியர் கோபால் நாத்தின் குழு. மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டெபிலோகாக்கஸ் கிருமியை முயல்களின் எலும்பில் ஏற்றி, எலும்புச் சீழை உண்டாக்கி, பல பேஜ்கள் கலந்த கலவையால் அதைக் குணப்படுத்தியதை 2016-இல் வெளியிட்டார்கள். பின்னர் நாள்பட்ட புண் உள்ள 20 பேருக்கு மேற்பூச்சாகப் போட்டுப் பார்த்ததில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. முயல் வேறு, மனிதன் வேறு. 20 பேர் என்பது சின்னக் கணக்கு. இருந்தாலும், சில பேஜ்கள் அந்த வழவழப்புப் படலத்தையே கரைக்கும் என்பது எலும்புக்காரர்களுக்குப் பெரிய விஷயம்.

இதையெல்லாம் மச்சினனிடம் சொன்னேன். "அப்ப நம்ம கோமுகி ஆத்துத் தண்ணியிலயும் அது இருக்குமா மாமா?" என்றான். "இருக்கும்டா, சாக்கடையில இன்னும் அதிகமா இருக்கும். அதுக்காக ஆத்துத் தண்ணிய எடுத்துப் புண்ணுல ஊத்திடாதே, வேற நூறு கிருமி உள்ள போயிடும். உன் கிருமிக்குச் சேர்ற பேஜைத் தேடி, வடிகட்டிச் சுத்தம் பண்ணித்தான் போடணும்" என்றேன். தகட்டை எடுத்தபிறகு இப்போது ஏழு மாதமாகத் துளை திறக்கவில்லை. கால் சற்றுக் குட்டைதான்.