பாலர் ஆசிரியப் பயிற்சியில் பொதுவும் சிறப்பும்: பிரிவினையின் நியாயம் குறித்து ஓர் ஆராய்ச்சி

சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கப் புகுவோரைப் பொதுக் கல்விக்கு ஒரு சாரார், சிறப்புக் கல்விக்கு மற்றொரு சாரார் என்று தொடக்கத்திலேயே பிரித்து, வெவ்வேறு நிறுவனங்களில், வெவ்வேறு பாடத்திட்டங்களின்படி, வெவ்வேறு சான்றிதழ்களுக்காகப் பயிற்றும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றிவிட்டது. இப்பிரிவு குழந்தைகளின் சுபாவத்திலேயே உள்ள வேற்றுமையிலிருந்து இயல்பாகப் பிறந்தது என்று பலரும் கருதுகின்றனர். பாலர் கல்வியின் சரித்திரம் இவ்வபிப்பிராயத்துக்கு ஆதரவாக இல்லை. இன்று பொதுப் பள்ளியின் சொத்தாக எண்ணப்படும் போதனா முறைகளுள் முக்கியமான பல, சிறப்புக் கல்வியில் தோன்றிப் பின்னரே பொதுப் பள்ளிக்கு வந்தவை. பயிற்சியின் பிரிவினையோ நிர்வாக ஏற்பாட்டின் விளைவு. ஆகவே மூன்று முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளுக்குரிய ஆசிரியப் பயிற்சி ஒரே அஸ்திவாரத்தின்மேல் எழுந்து, அதற்குப் பிறகே கிளை பிரிதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

பாரிஸிலிருந்து ரோமாபுரி வரை

1800ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து அவெய்ரோன் பிரதேசத்தில் அகப்பட்ட, மொழியறியாது காட்டில் திரிந்திருந்த ஒரு சிறுவனைப் பாரிஸ் நகருக்குக் கொண்டுவந்தபோது, அக்காலத்து மனநோய் மருத்துவருள் தலைசிறந்த பினேல், அவன் பிறவியிலேயே அறிவு குன்றியவன் என்றும் கல்வியால் திருந்தான் என்றும் முடிவு கூறினார். காதுகேளாதோர் பள்ளியில் மருத்துவராயிருந்த ழான் இத்தார் அம்முடிவை ஏற்காமல், விக்தோர் என்று பெயரிடப்பெற்ற அச்சிறுவனுக்குத் தொடு உணர்ச்சி, செவி, கண் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தீட்டி, அவற்றின் வழியே மொழிக்கும் கருத்துக்கும் அழைத்துச் செல்லப் பல்லாண்டு முயன்றார். விக்தோர் பேச்சைக் கடைசி வரை பெறவில்லை. ஆயினும் 1801இலும் 1806இலும் இத்தார் எழுதிய இரண்டு அறிக்கைகளிலும், குழந்தையின் நடத்தையைக் கூர்ந்து நோக்கி, அந்நோக்கின்படி அடுத்த பாடத்தை அமைத்து, பாடம் பலிக்காதபோது முறையை மாற்றிய ஓர் ஆசிரியரின் மனம் படிப்படியாகப் பதிவாகியிருக்கிறது.

இத்தாரின் மாணாக்கரான எதுவார் ஸெகென், ஒரு சிறுவனுக்காகச் செய்யப்பட்ட அம்முயற்சியை ஒரு சாஸ்திரமாக விரித்தார். தசைகளின் பயிற்சியிலிருந்து இந்திரியங்களின் பயிற்சிக்கும், அதிலிருந்து எண்ணத்துக்கும், எண்ணத்திலிருந்து ஒழுக்கத்துக்கும் ஏறிச் செல்லும் அவருடைய முறை 1846இல் பிரெஞ்சு மொழியிலும், அவர் அமெரிக்காவில் குடியேறிய பின் 1866இல் ஆங்கிலத்திலும் நூலாக வந்தது. பொருளை ஆசிரியர் பெயர் சொல்லிக் காட்டுதல், பெயரைச் சொல்லிப் பொருளைக் குழந்தையே எடுக்கச் செய்தல், பொருளைக் காட்டிப் பெயரைக் கேட்டல் என்ற மூன்று படிப் பாடம் அவருடையது. இன்று பாலர் வகுப்புகளில் நிறமும் வடிவமும் கற்பிக்கும் எத்தனையோ ஆசிரியர்கள், அது மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக வகுக்கப்பட்டது என்பதை அறியாமலே அதைக் கையாளுகின்றனர்.

இவ்விருவருடைய நூல்களையும் இத்தாலிய மொழியில் தம் கையாலேயே பெயர்த்தெழுதிப் படித்தவர் மரியா மாண்டிசோரி. 1896இல் மருத்துவப் பட்டம் பெற்று, ரோமாபுரியின் மனநோய் மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய காலத்தில், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் குறை மருத்துவத்தைவிடக் கல்வியையே அதிகம் வேண்டி நிற்பது என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1898இல் தூரின் நகரில் கூடிய கல்வி மகாநாட்டில் அதையே வற்புறுத்தினார். 1900இல் அத்தகைய குழந்தைகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளி ரோமாபுரியில் தொடங்கப்பெற்றபோது, அதன் இயக்குநர் பொறுப்பு அவரிடமும் அவருடைய சக மருத்துவர் ஜூஸெப்பே மொந்தெஸானோவிடமும் வந்தது. குழந்தைகள் பயிலும் வகுப்பும் ஆசிரியர்கள் பயிலும் வகுப்பும் அங்கே ஒன்றாக இருந்தன. காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரை தாமே குழந்தைகளுடன் இருந்து கற்பித்ததாக மாண்டிசோரி எழுதியிருக்கிறார்.

அக்காலத்து அனுபவங்களுள் ஒன்றை இங்கே விரித்துரைப்பது தகும். பதினொரு வயதான, அறிவு வளர்ச்சி குன்றிய ஒரு பெண்ணுக்குத் தையல் கற்பிக்க எவ்வளவு முயன்றும் ஊசியோட்டம் கைவரவில்லை. மாண்டிசோரி தையலை நிறுத்திவிட்டு, காகிதப் பட்டைகளை மேலும் கீழுமாகக் கோத்துப் பாய் பின்னும், ஜெர்மன் கல்வியாளர் புரோபெல் வகுத்த வேலையை அவளுக்குக் கொடுத்தார். அதில் கை பழகிய பின் மீண்டும் ஊசியைக் கொடுத்தபோது அவள் தைத்தாள். ஒரு செயலைக் கற்பிக்குமுன் அச்செயலுக்கு வேண்டிய அசைவுகளை வேறொரு வேலையில் பழக்கிவிடலாம் என்ற விதியை இதிலிருந்து வகுத்துக்கொண்ட அவர், அதையே எழுத்துக்கும் பொருத்தினார். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைக் குழந்தை விரலால் தடவி வடிவத்தைக் கைக்குப் பழக்கிக்கொண்டால், எழுதுகோலைப் பிடிக்கும் நாளில் பாதி வேலை முடிந்திருக்கும். மணலில் விரல் பதித்து எழுத்துப் பழகிய நம் திண்ணைப் பள்ளி மரபை அறிந்தோர்க்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும்.

அவரிடம் பயின்ற குழந்தைகளுட் சிலர் பொதுப் பள்ளி மாணவர்களுடன் சேர்ந்து பரீட்சை எழுதித் தேறியபோது, கண்டவர் வியந்தனர். மாண்டிசோரியின் சிந்தனையோ வேறு திசையில் சென்றது: குறையுள்ள குழந்தைகள் இவ்வளவு தூரம் வர முடியுமானால், குறையற்ற குழந்தைகளை இந்த மட்டத்திலேயே நிறுத்தி வைத்திருக்கும் பொதுப் பள்ளியில் அல்லவா பிழை இருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் ஸான் லொரென்ஸோ என்னும் ஏழைகள் குடியிருப்பில் அவர் திறந்த குழந்தைகள் இல்லம் அவ்வெண்ணத்தின் செயல்வடிவம். பெல்ஜியத்து மருத்துவர் ஒவித் தெக்ரோலியும் 1901இல் குறையுள்ள குழந்தைகளுக்கு ஒரு நிலையம் அமைத்து, 1907இல் சாதாரணக் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தார். வேறொரு நாட்டில், வேறொரு மருத்துவர் ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அதே வழியில் சென்றதால், இதனைத் தனியொருவருடைய மேதையின் விளைவு என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. வழக்கமான போதனை பலிக்காத குழந்தையின் எதிரில் நிற்கும்போதுதான் ஆசிரியர் கற்றல் என்னும் செயலைக் கூறுகூறாகப் பகுத்துப் பார்க்க நேர்கிறது. அங்கே கண்டறியப்படுவது எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாகிறது.

அடையாறும் அதன் பின்னும்

இம்மரபு தமிழகத்துக்கு நேரடியாகவே வந்தது. 1939இல் பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பின்மேல் அடையாறுக்கு வந்த மாண்டிசோரி, அங்கே ஆசிரியப் பயிற்சி வகுப்புகளை நடத்தினார். உலகப் போர் மூண்டதனால் தங்க நேர்ந்து, கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் பணியாற்றினார். குழந்தையின் முதல் ஆறு ஆண்டுகளின் மனவளர்ச்சியைப் பற்றி இந்தியாவில் அவர் ஆற்றிய விரிவுரைகள் 1949இல் அடையாறிலேயே நூலாக வெளிவந்தன. குஜராத்தின் பவநகரில் கல்வியாளர் கிஜுபாய் பதேகாவும், பின்னர் மகாராஷ்டிரத்தின் போர்டியிலும் கோஸ்பாடிலும் கல்வியாளர்களான தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும் இம்முறையை இந்நாட்டு ஏழைக் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றியமைத்தனர். அங்கன்வாடி என்னும் கருத்து தாராபாய் மோடக்கின் பணியில் முளைத்தது. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அப்பெயரை நாடெங்கும் பரப்பியது.

ஆனால் இம்மரபின் உபகரணங்கள் பரவிய அளவுக்கு, அவற்றைத் தோற்றுவித்த ஆசிரிய மனப்பான்மை பரவவில்லை. மர உருளைகளும் மணிச்சரங்களும் கட்டணப் பள்ளிகளின் அலங்காரமாயின. குறையுள்ள குழந்தையிடமிருந்து அவை வந்த சரித்திரம் மறைந்தது. பிற்காலத்துச் சட்டங்கள் இந்த மறதியை நிலைபெறச் செய்தன. 1992ஆம் ஆண்டின் சட்டத்தால் சிறப்பு ஆசிரியர் பயிற்சி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் கீழும், 1993ஆம் ஆண்டின் சட்டத்தால் பொது ஆசிரியர் பயிற்சி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் கீழும் வந்தன. முன்னது சமூக நீதி அமைச்சகத்தையும், பின்னது கல்வி அமைச்சகத்தையும் சார்ந்தது. அங்கன்வாடிப் பணியாளரோ மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் திட்டத்தைச் சேர்ந்தவர். நான்கு வயதான ஒரு குழந்தைக்குச் செவி மந்தமாயின், அதை முதலில் காணக்கூடியவர் ஓர் அமைச்சகத்திலும், அதற்குரிய பயிற்சி பெற்றவர் மற்றோர் அமைச்சகத்திலும், பின்னர் அக்குழந்தையை ஒன்றாம் வகுப்பில் ஏற்றுக்கொள்பவர் வேறோர் அமைச்சகத்திலும் இருக்கின்றனர். இலவசக் கல்வி உரிமையை வழங்கும் 2009ஆம் ஆண்டுச் சட்டமும், 21 வகைக் குறைபாடுகளை வரையறுத்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆறு வயதிலிருந்தே அவ்வுரிமையைத் தொடங்குகின்றன. உதவி மிக அதிகமாகப் பலிக்கும் பருவம் அதற்குள் கழிந்துவிடுகிறது.

ஆட்சேபங்களும் சமாதானமும்

பிரெயில் எழுத்து, சைகை மொழி, பேச்சுப் பயிற்சி முதலியவை நெடுநாள் அப்பியாசம் வேண்டுபவையாதலின், அவற்றை எல்லா ஆசிரியர்க்கும் கற்பிக்கப் புகுந்தால் ஒன்றும் முழுமையாக வாராது என்பது முதல் ஆட்சேபம். இது நியாயமானதே. பிரத்தியேகக் கலைகளைப் பிரத்தியேகமாகவே பயில வேண்டும். ஆனால் அக்கலைகளுக்கு அடியில் கிடப்பவை பொதுவானவை: குழந்தையை நோக்கிக் கண்டதைக் கண்டபடி எழுதுதல், ஒரு செயலைச் சிறு படிகளாகப் பகுத்தல், விடைக்காகப் பொறுத்திருத்தல், பெற்றோரின் அறிவைக் கேட்டுப் பெறுதல். இவற்றில் தேர்ச்சியற்றவர் சிறப்பு ஆசிரியராகவும் தகார், பொது ஆசிரியராகவும் தகார்.

பொதுப் பயிற்சியிலேயே உள்ளடக்கிய கல்வி என்றொரு பாடம் சேர்ந்துள்ளதே, அது போதாதா என்பது இரண்டாவது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், குறைபாடுடைய குழந்தைகளுக்குக் கற்பிக்கும் அறிவு எல்லா ஆசிரியப் பயிற்சிகளிலும் இன்றியமையாத பகுதியாக வேண்டுமென்கிறது. ஆனால் குறைபாடுகளின் பெயரையும் இலக்கணத்தையும் மனனம் செய்து பரீட்சையில் எழுதித் தேறுவதோடு அப்பாடம் முடியுமானால், அது கறிக்கு உதவாத ஏட்டுச் சுரைக்காயே. பின்னாலிருந்து அழைத்தால் திரும்பாத குழந்தையையும், படத்தை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்க்கும் குழந்தையையும், மூன்று வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையையும் நேரில் கண்டு பழகாதவர், நாளை தம் வகுப்பில் அத்தகைய குழந்தை வரும்போது அதனைப் பிடிவாதக்காரன் என்றோ மந்தன் என்றோ எண்ணிவிடுவர்.

சிறப்பு ஆசிரியரைப் போதிய அளவில் நியமித்துவிட்டால் பொது ஆசிரியருக்கு இச்சுமை எதற்கு என்பது மூன்றாவது. 2021இல் உச்ச நீதிமன்றம், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை சிறப்புத் தேவையுள்ள பத்து மாணவர்க்கு ஒரு சிறப்பு ஆசிரியர் என்ற விகிதத்தை இடைக்காலமாக வகுத்தது. பள்ளிகளுக்கு அது பெருந்துணை. எனினும் ஒரு சிறப்பு ஆசிரியர் பல பள்ளிகளைச் சுற்றி வரும் ஏற்பாட்டில், அவர் வாராத நாட்களிலெல்லாம் குழந்தை வகுப்பு ஆசிரியரிடமே இருக்கிறது. ஒருவர் மொழியை மற்றவர் அறியாவிடில், முன்னவர் செய்ததைப் பின்னவர் தொடர்தல் இயலாது.

முடிபு

ஆதலின் பாலர் ஆசிரியப் பயிற்சியின் முதலாண்டு அனைவர்க்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அவ்வாண்டில் ஒவ்வொரு மாணவ ஆசிரியரும் பாலர் பள்ளியிலும், குறைபாடுடைய குழந்தைகள் பயிலும் நிலையத்திலும் நோக்குநராகவும் உதவியாளராகவும் பணியாற்றித் தம் குறிப்பேட்டை ஆசானிடம் காட்டித் திருத்தம் பெறுதல் வேண்டும். அதன் பின்னரே பொது, செவி, பார்வை, அறிவு வளர்ச்சி என்று கிளைகள் பிரியலாம். இரு குழுமங்களும் இம்முதலாண்டின் பாடத்திட்டத்தைக் கூடி வகுத்துப் பரஸ்பரம் அங்கீகரித்தலும், அங்கன்வாடிப் பணியாளர்க்கும் அதன் சுருங்கிய வடிவத்தை வழங்குதலும் உடனடியாகச் செய்யத்தக்கவை. இதற்குப் புதிய நிறுவனம் எதுவும் வேண்டியதில்லை. இருக்கும் மாவட்டப் பயிற்சி நிறுவனங்கள் தம் அருகிலுள்ள சிறப்புப் பள்ளிகளுடன் உடன்படிக்கை செய்துகொண்டால் போதும். குழந்தைகளையும் ஆசிரியர்களையும் ஒரே கூரையின் கீழ்ப் பயிற்றிய 1900ஆம் ஆண்டின் பள்ளியைவிடப் பிற்போக்கான ஏற்பாட்டோடு நாம் திருப்தியடைவதற்கு நியாயம் ஒன்றுமில்லை.