3,000 மைல் கணக்கை உடைத்த ஆயில்

அமெரிக்கக் கார்க்காரர்களுக்கு "3,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்று" என்பது பல வருடங்களாக வேதவாக்கு. அதை அசைத்தவர்களில் ஒருவர் ஆல்பர்ட் அமடூசியோ. போர் விமானி. ஜெட் இன்ஜினில் சிந்தெடிக் ஆயில் தாக்குப்பிடிப்பதைப் பார்த்தவர், 1972-ல் காருக்கான 'ஆம்சாயில்' கொண்டுவந்தார். கெடு 25,000 மைல் அல்லது ஒரு வருடம்! 1974-ல் 'மொபில் 1' வந்தது.

ஆனால் கார் கம்பெனிகள் அவ்வளவு தூரம் போகவில்லை. ஏன்? ஆயில் தாங்கினாலும் கரியும் அமிலமும் சேரும். அவற்றைச் சமாளிக்கும் ரசாயனங்கள் தீர்ந்துவிடும். இன்று அங்கே டொயோட்டா பல மாடல்களுக்குச் சொல்வது 10,000 மைல் அல்லது 12 மாதம். புழுதி ரோடு என்றால் 5,000.

காமர்ஸ் கணக்குப் போடுவோமா? 30,000 மைலுக்கு அன்று 10 முறை, இன்று 3 முறை. சிந்தெடிக் இருமடங்கு விலை என்றாலும் லாபம்தான். ஆகவே நண்பர்களே, ஒர்க்ஷாப் ஸ்டிக்கரை விட, காரோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள்.