நடமாட்டம்

எங்கள் பக்கத்தில் முதியோரைப் பற்றி நலம் விசாரிப்பவர்கள், "நடமாட்டமா இருக்கறாங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நோய் என்ன, மருந்து என்ன என்பவை அதற்கடுத்த கேள்விகள். இந்த முதற்கேள்விக்குள் ஒரு மருத்துவ வரலாறே அடங்கியிருப்பதை நாம் அறிந்தது, சென்ற ஆண்டு எங்கள் தாயாரைக் கோவைக்கு அழைத்து வந்தபோதுதான்.

பொள்ளாச்சிக்குத் தெற்கே தோட்டத்தில் வாழும் அவருக்கு வயது 71. குனிந்து களை பறிக்கையில் வலி இல்லை. நிமிர்ந்து நடந்தால் சிறிது தூரத்திலேயே இரு கால்களும் மரத்துப்போகும். எங்காவது உட்கார்ந்தால் சரியாகிவிடும். எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்த மருத்துவர், இடுப்புப் பகுதியில் தண்டுவடக் கால்வாய் குறுகியிருக்கிறது என்றார். அறுவை செய்யலாம், செய்யாமலும் பார்க்கலாம், முடிவு உங்களுடையது என்றார். உடன்பிறந்தோர் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். விவரம் அறிந்தவர் தம் சுமையை நம் தலையில் இறக்கிவைக்கிறாரோ என்றுதான் அப்போது தோன்றிற்று. அப்படியல்ல என்பதை இந்நோயின் வரலாற்றைத் தேடிப் படித்த பிறகே உணர்ந்தோம்.

நோய்க்குப் பெயர் வந்தது அண்மையில். தளர்ந்த நடை மிகப் பழையது. புறநானூற்றின் 243ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாடலில் வரும் ஊன்றுகோலைக் கொண்டே தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவரை அழைக்கிறோம். கோலை ஊன்றுகிறவரின் உடல் முன்சாய்கிறது. முன்சாயும்போது முதுகெலும்புக் கால்வாய் சற்றே அகல்கிறது; நிமிர்ந்து நிற்கையில் பின்புறத் தசைநார் உள்ளே மடிந்து கால்வாயை மேலும் குறுக்குகிறது. நரம்புகளுக்கு நெருக்கடி நேர்வது அப்போதுதான். பால் கேனைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் மைல் கணக்கில் போகிறவர் தெருமுனை வரை நடக்க முடியாமல் தவிப்பதன் காரணமும் இதுவே. 1977இல் மருத்துவ இதழொன்றில் இதைச் 'சைக்கிள் சோதனை' என்றே எழுதினார்கள்.

நவீன மருத்துவம் இதை விளங்கிக்கொள்ளக் காலம் பிடித்தது. 1934இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்னும் இருவர், பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்துவதால் கால்வலி வரும் என்று நிறுவினார்கள். பிறகு கால்வலி என்றாலே மருத்துவர்களின் எண்ணம் டிஸ்க்கை நோக்கிப் போயிற்று. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்து நரம்பியல் அறுவை மருத்துவர் ஹென்க் வெர்பீஸ்ட் வேறொன்றைக் கவனித்தார். சிலருக்கு நிற்கையிலும் நடக்கையிலும் மட்டுமே துன்பம். படுக்கவைத்துச் சோதித்தால் குறை ஏதும் தென்படுவதில்லை. இவர்களுடைய கால்வாயே குறுகலானது என்று 1949இல் பிரெஞ்சிலும், 1954இல் ஆங்கிலத்திலும் எழுதினார். எலும்பின் பின்கூரையை அகற்றி நரம்புகளுக்கு இடம் தந்தபோது அவர்களுக்கு நலம் கிடைத்தது. லேமினெக்டமி எனப்படும் அந்த அறுவையே சில மாறுதல்களுடன் இன்றும் செய்யப்படுகிறது.

அதே ஆண்டுகளில்தான் தமிழகத்திலும் இத்துறை வேர்விட்டது. 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவைப் பிரிவுகளைத் தொடங்கினார்கள். கோவைக்கு அரசு மருத்துவக் கல்லூரி 1966இல் வந்தது. 1978இல் இங்கே தொடங்கிய கங்கா மருத்துவமனையின் முதுகெலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன், டிஸ்க்கிற்குள் ஊட்டம் எவ்வாறு ஊடுருவுகிறது என்பதை எம்.ஆர்.ஐ. வழியே ஆராய்ந்து 2004இல் உலக அளவிலான பரிசு பெற்றார். இதே நகரில் பி.வி. ராம வாரியர் 1943இலேயே ஆரிய வைத்திய பார்மசியைத் தோற்றுவித்திருந்தார். ஆகவே முதுகைப் பிடித்துக்கொண்டு கோவைக்கு வரும் கொங்கு விவசாயிக்கு எண்ணெய்க்கிழியும் அறுவைக் கத்தியும் ஒரே பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கின்றன. வழி பலவானால் முடிவும் கடினமாகிறது.

எம்.ஆர்.ஐ. படம் முடிவு சொல்லிவிடும் என்று நாம் நம்பினோம். 1990இல் வெளியான ஓர் ஆய்வு அந்த நம்பிக்கையைக் குலைக்கிறது. முதுகுவலியே அறியாத 67 பேரைப் படமெடுத்தார்கள். அவர்களில் 60 வயதைக் கடந்தோரில் 21 விழுக்காட்டினருக்குக் கால்வாய் குறுகியிருந்தது. படத்தில் குறுகல் இருப்பதும் மனிதர் துன்பப்படுவதும் ஒன்றல்ல.

அடுத்த நம்பிக்கை, ஆய்வு முடிவு சொல்லும் என்பது. அமெரிக்காவின் 13 மையங்களில் நடந்த பேராய்வு 2008இல் வெளிவந்தது. குலுக்கல் முறையில் 289 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். மனிதர்கள் குலுக்கலுக்குக் கட்டுப்படவில்லை! ஈராண்டுக்குள் அறுவைக்கு ஒதுக்கப்பட்டோரில் 67 விழுக்காட்டினரே அதைச் செய்துகொண்டார்கள். வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டோரில் 43 விழுக்காட்டினரும் செய்துகொண்டார்கள். உண்மையில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு முதல் சில ஆண்டுகளில் நலம் கூடுதலாக இருந்தது. குலுக்கலில் சேர்ந்தவர்களிடையே அந்த வேறுபாடு 6 முதல் 8 ஆண்டுகளில் தேய்ந்துவிட்டது; தாமே தேர்ந்துகொண்ட மற்றொரு குழுவினரிடையே அது நிலைத்தது. 2015இல் வந்த வேறோர் ஆய்வில், 169 பேரிடையே அறுவைக்கும் பிசியோதெரபிக்கும் ஈராண்டு முடிவில் செயல்திறனில் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் பிசியோதெரபிக் குழுவில் 57 விழுக்காட்டினர் இடையிலேயே அறுவைக்கு மாறியிருந்தனர். 2016இல் ஸ்வீடனில் 247 பேரிடம் நடந்த ஆய்வு, எலும்பின் கூரையை அகற்றுவதோடு எலும்புகளை இணைப்பதையும் சேர்த்துச் செய்வதால் கூடுதல் பயன் இல்லை என்றது. இந்த ஒரு செய்தியை அறிந்திருந்தால், மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று கையில் இருக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் நாளுக்கு நாள் வலுவிழந்தாலோ யோசிப்பதற்கு நேரமில்லை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கழுத்துப் பகுதியில் தண்டுவடமே நசுங்கும் நிலையும் வேறு வகையானது. அங்கும் காத்திருத்தல் ஆபத்து.

இவை எதுவும் இல்லாதபோது எஞ்சுவது ஒரே கேள்வி: நடமாட்டம் எவ்வளவு குறைந்தால் அது வாழ்க்கையைக் குறைத்ததாகும்? இதைப் படமும் சொல்லாது, ஆய்வும் சொல்லாது. நடப்பவர்தான் சொல்ல வேண்டும். மருத்துவர் சொன்ன "முடிவு உங்களுடையது" என்பது கைகழுவல் அன்று; எழுபது ஆண்டு ஆராய்ச்சி வந்து நின்ற இடம் அது. ஆனால் 'உங்களுடையது' என்பதை நாங்கள் மூவரும் எங்களுடையது என்று புரிந்துகொண்டிருந்தோம். அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை.

கேட்டபோது அவரிடம் பதில் ஆயத்தமாக இருந்தது. "பால் சொசைட்டிக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் கத்தி வேண்டாங் கண்ணு. அதுவும் முடியாமப் போனா நானே சொல்றேன்" என்றார். ஆறு மாதம் பயிற்சிகளைச் செய்தார். எவ்வளவு தூரம் நடந்தார் என்பதை நாட்காட்டியில் தம்பி குறித்துவந்தான். முதலில் கோயில் விடுபட்டது, பிறகு மளிகைக்கடை. தை மாதத்தில் ஒருநாள் சொசைட்டிக்குப் போகும் வழியில் புளியமரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று மாலை அவரே எங்களை அழைத்து, "தேதி வாங்குங்க" என்றார்.

எலும்புகளை இணைக்காமல் கால்வாயை மட்டும் அகலப்படுத்தினார்கள். கால் மரப்பு தீர்ந்தது. முதுகுவலி ஓரளவு இருக்கிறது. அது முழுதும் போகும் என்று யாரும் வாக்களிக்கவும் இல்லை. எட்டாண்டு கழித்து எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியாது. இப்போது ஊரில் யாரேனும் விசாரித்தால், நடமாட்டமாக இருக்கிறார் என்று சொல்கிறோம்.